சூடு காட்டினால் பழுது தீருமா?

திருநின்றவூர் என்று சொன்னதும் பலருக்குப் பூசலார் நினைவுக்கு வருவார். கோயில் கட்டக் கையில் பொருள் இல்லாமல் மனத்துக்குள்ளேயே ஒரு கோயிலை எழுப்பியவர் அவர் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. மனத்தில்தானே கட்டுகிறோம் என்று அவர் ஒரே நொடியில் விமானத்தை நிறுத்திவிடவில்லை. வேண்டிய பொருள்களை எண்ணிச் சேர்த்து, தச்சரை அமர்த்தி, அடிநிலை தொடங்கிப் படிப்படியாகக் கட்டி முடித்தார். கைவேலைக்கு முன் மனவேலை வேண்டும் என்பதற்கு எங்கள் ஊரில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. இக்கட்டுரையில் நாம் ஆராயப் போவதும் ஒரு கட்டுமானத்தைத்தான். ஆனால் அது கடுகளவே உள்ள பற்றாசு இணைப்பு.

சென்ற கோடை விடுமுறையில் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் பழைய டி.வி. கேம் பெட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். 1990களில் அவர் தந்தை சிறுவனாக இருந்தபோது சென்னை பர்மா பஜாரில் வாங்கிய பெட்டி அது.

“கடையில் சரி செய்து கொடுத்தார்கள், சார். பன்னிரண்டு நாள் நன்றாக ஓடியது. மறுபடியும் படம் வரவில்லை.”

“என்ன செய்து சரி செய்தார்கள், தம்பி?”

“போர்டு முழுக்க ஹாட் ஏர் காட்டினார்கள், சார். டிரை சால்டர் என்றார்கள்.”

“எந்த இடத்தில் டிரை சால்டர்?”

“அதைச் சொல்லவில்லை, சார்.”

பன்னிரண்டு நாள் ஓடி நின்ற கருவி உண்மையில் பழுது பார்க்கப்பட்டதா? இதுதான் நம் கேள்வி. போர்டு முழுவதற்கும் சூடு காட்டி எழுப்பும் முறை இன்று டி.வி. முதல் மடிக்கணினி வரை எங்கும் பரவியுள்ளது. அதன் நிறைகுறைகளை அறிவியல் கண்கொண்டு சீர்தூக்கிப் பார்ப்போம்.

ஈயம் பூசுபவர் அறிந்த அறிவியல்

பற்றாசு என்பது எளிதில் உருகி, இரண்டு உலோகங்களை இணைக்கும் கலவை. கடைகளில் இதனைச் சால்டர் என்றும் ஈயம் என்றும் சொல்வார்கள். தூய வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசிலும், காரீயம் 327 டிகிரியிலும் உருகும். ஆனால் 63 பங்கு வெள்ளீயத்தையும் 37 பங்கு காரீயத்தையும் கலந்தால், கலவை இவ்விரண்டையும்விடக் குறைந்த வெப்பத்தில், 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. பள்ளிப் பாடங்களில் உலோகக் கலவைகளின் அட்டவணையில் பற்றாசுக்கும் ஒரு வரி உண்டு. பெரும்பாலும் அந்த வரியோடு பாடம் முடிந்துவிடும். அது எவ்வாறு ஒட்டுகிறது என்ற கேள்வி எழுவதே இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை அறிந்தவர் நம் தெருவிலேயே இருந்தார். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவரை வீட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். அவர் முதலில் பாத்திரத்தைப் பளிச்சென்று தேய்ப்பார். பிறகு உலையில் காய்ச்சுவார். காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரப் பொடியைத் தூவுவார், வெண்புகை எழும். உடனே வெள்ளீயத்தைத் தேய்த்துத் துணியால் பரப்புவார். நொடியில் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளிபோல் மின்னும்.

இதில் நவச்சாரத்தின் வேலை என்ன? நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரியும். ஹைட்ரஜன் குளோரைடு உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை அரித்து நீக்கும். அவ்வாறு வெளிப்பட்ட தூய உலோகத்தின்மேல்தான் ஈயம் பரவும். ஆக்சைடு படலம் இருந்தால், உருகிய ஈயம் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும், ஒட்டாது. இவ்வாறு படலத்தை நீக்கும் பொருளை இளக்கி என்கிறோம். கடைக்காரர் மொழியில் ஃப்ளக்ஸ். மின்னணு வேலைக்கு நவச்சாரம் ஆகாது. எஞ்சியிருந்து செம்பை அரிக்கும். அங்கே பயன்படுவது ரோசின் எனப்படும் பைன் மரப் பிசின். பற்றாசுக் கம்பியின் நடுவில் இது நரம்புபோல் ஓடுகிறது.

தூய செம்பின்மேல் உருகிய பற்றாசு பரவியதும் வெள்ளீய அணுக்கள் செம்பு அணுக்களோடு வினைபுரிகின்றன. ஆறு செம்பு அணுக்களுக்கு ஐந்து வெள்ளீய அணுக்கள் என்ற கணக்கில் ஒரு சேர்மம் மெல்லிய அடுக்காக உருவாகிறது. உண்மையான இணைப்பு இந்த அடுக்குதான். ஆகவே பற்றாசு வைப்பது பசை தடவுவது போன்றதன்று. அது ஒரு வேதிவினை.

சூடு காட்டும் முறையின் முதற்குறை இங்கேயே தெரிந்துவிடுகிறது. முப்பது ஆண்டுப் பழைய இணைப்பில் இளக்கி ஏது? அது இணைப்பு பிறந்த அன்றே தன் வேலையை முடித்துவிட்டது. வெடிப்பின் இரு சுவர்களிலும் ஆக்சைடு படர்ந்திருக்கிறது. இளக்கி சேர்க்காமல் அதைச் சூடாக்குவது, தேய்க்காத பாத்திரத்தில் ஈயம் பூசுவதற்கு ஒப்பாகும். தெருவில் வந்த ஈயம் பூசுபவர் இதனை ஒருநாளும் செய்யமாட்டார்.

இணைப்பு ஏன் வெடிக்கிறது?

ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடும். பற்றாசு இணைப்புக்கும் அதே கதிதான். கருவியை இயக்கினால் சூடேறுகிறது, நிறுத்தினால் ஆறுகிறது. ஒரு டிகிரிக்குச் செம்பு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 17 பங்கு விரியும். பற்றாசு 24 பங்கு விரியும். சில்லு செய்யப் பயன்படும் சிலிக்கான் 3 பங்குகூட விரிவதில்லை. ஒன்றோடொன்று பிணைந்த பொருள்கள் வெவ்வேறு அளவில் விரிந்தால், நடுவில் உள்ள மென்மையான பொருள் இழுபட்டு நசுங்குகிறது. அந்த மென்மையான பொருள் பற்றாசு.

அது எவ்வளவு மென்மையானது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். 183 டிகிரி செல்சியஸ் என்பது 456 கெல்வின். நம் வீட்டின் 30 டிகிரி என்பது 303 கெல்வின். அதாவது சும்மா மேசைமேல் கிடக்கும்போதே பற்றாசு தன் உருகுநிலையில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பத்தில் இருக்கிறது. இரும்பை அதே விகிதத்தில் வைக்க வேண்டுமானால் ஏறத்தாழ 930 டிகிரி வரை சூடாக்க வேண்டும். கொல்லன் உலையில் பழுத்துச் சிவந்த இரும்பு அது! அந்த நிலையில் உள்ள இரும்பை நம்பி யாரும் பாரம் ஏற்றமாட்டோம். ஆனால் பற்றாசை நம்பி அன்றாடம் ஏற்றுகிறோம்.

நிண்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் கருவி 1983 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்தது. அதைப் பார்த்துச் செய்த மலிவான கருவிகள் 1990களில் நம் நாட்டுக் கடைகளில் பல பெயர்களில் விற்றன. அவற்றுள் பலவற்றில் போர்டு ஒருபக்கச் செம்பு மட்டுமே உள்ள பீனாலிக் அட்டை. துளைகளின் உட்புறத்தில் செம்பு முலாம் கிடையாது. ஆகவே உறுப்பின் காலைப் பிடித்துக்கொள்வது அடிப்பக்கத்துப் பற்றாசுக் குமிழ் ஒன்றே. மின்னோட்டத்தையும் அதுவே தாங்க வேண்டும். உறுப்பின் பாரத்தையும் அதுவே தாங்க வேண்டும். கேட்ரிட்ஜ் செருகும் இணைப்பி, அடாப்டர் பின் நுழையும் சாக்கெட், கட்டுப்பாட்டுப் பிடியின் வடம் சேரும் இடம் ஆகியவை கைபட்டு ஆடும் இடங்கள். மின்னழுத்தச் சீராக்கி சூடேறும் இடம். பழுது பெரும்பாலும் இந்த நான்கு இடங்களில்தான் பிறக்கும். போர்டில் நூறு இணைப்புகள் இருந்தாலும் அனைத்தும் சம அளவில் துன்பப்படுவதில்லை. இதனை மனத்தில் வரைந்துகொண்டவருக்குப் போர்டு முழுதும் சூடு காட்டத் தேவையே எழாது.

தட்டுவதும் அளப்பதும்

நம் வீடுகளில் டி.வி. படம் போனால் பக்கவாட்டில் ஓர் அடி வைப்பார்கள். படம் வந்துவிடும். அந்த அடியை யாரும் பழுதுபார்ப்பு என்று சொல்வதில்லை. ஆனால் அது ஒரு நல்ல தடயம். எங்கோ ஓர் இணைப்பு தொட்டும் தொடாமலும் இருக்கிறது என்று அது சொல்கிறது. சூடு காட்டுவதும் அத்தகைய அடியே. சூட்டில் போர்டு விரிந்து வெடிப்பின் இரு சுவர்களும் மீண்டும் தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். தடயத்தை மருந்தாக எண்ணிக்கொள்வதே இம்முறையின் இரண்டாவது குறை.

மாணவரின் பெட்டியை இயக்கத்தில் வைத்து, மரக்குச்சியால் ஒவ்வொரு பகுதியாக மெல்லத் தட்டிப் பார்த்தோம். அது வெளியிலிருந்து அடாப்டர் மூலம் 9 வோல்ட்டு மட்டுமே பெறும் கருவி என்பதால் இவ்வாறு செய்யலாம். பழைய குழாய் டி.வி.யின் உட்புறத்தில் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் உண்டு. அதில் மாணவர்கள் கைவைக்கவே கூடாது. சீராக்கியின் அருகில் தட்டியபோது திரை மின்னியது.

இங்கே நானே ஒரு தவறு செய்தேன். கருவியை நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்துச் சீராக்கியின் கால்களைச் சோதித்தேன். ‘பீப்’ என்று ஒலித்தது. இணைப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்து, அடுத்த இடத்துக்குப் போய் ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். மீட்டர் அந்தச் சோதனையில் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். மயிரிழை அளவு தொடுதல் இருந்தாலும் அது கடந்துவிடும். கருவி இயங்கும்போது அதே இடத்தில் அரை ஆம்பியர் ஓட வேண்டியிருக்கும். ஒற்றையடிப் பாலத்தில் ஆள் நடந்து போனான் என்பதற்காக லாரியும் போகும் என்று சொல்ல முடியுமா?

சரியான சோதனை, கருவி இயங்கும்போது அளப்பது. 7805 எனக் குறிக்கப்பட்ட அந்தச் சீராக்கி 9 வோல்ட்டைப் பெற்று 5 வோல்ட்டாகத் தரும். அதன் வெளியேற்றுக் காலில் 5.0 வோல்ட்டு இருந்தது. அதே காலைச் சுற்றியுள்ள செம்புப் பாதையில் 4.4 வோல்ட்டுதான் இருந்தது. ஒரு கடுகளவு இணைப்பில் 0.6 வோல்ட்டு காணாமற்போகிறது! அக்கால 5 வோல்ட்டு ஐ.சி.க்கள் பலவற்றுக்கு 4.75 முதல் 5.25 வரைதான் எல்லை. படம் வராததில் வியப்பில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது காலைச் சுற்றி மோதிரம்போல் ஒரு வெடிப்பு தெரிந்தது.

வெடிப்பு ஏன் வந்தது? சீராக்கியில் வீணாகும் 4 வோல்ட்டை அரை ஆம்பியரால் பெருக்கினால் 2 வாட்டு. அது முழுதும் வெப்பம். அதைக் கடத்த வேண்டிய அலுமினியத் தகட்டின் திருகு தளர்ந்து, தகட்டின் பாரம் மூன்று மெல்லிய கால்களில் தொங்கிக்கொண்டிருந்தது. திருகை முடுக்காமல் பற்றாசை மட்டும் புதுப்பித்திருந்தால், சில மாதங்களில் அதே மோதிரம் மீண்டும் தோன்றியிருக்கும்.

பழைய பற்றாசை உறிஞ்சி எடுத்தோம். காலைச் சுரண்டித் தூய்மை செய்தோம். ரோசின் இளக்கி இட்டு, 63க்கு 37 விகிதக் கம்பியால் புதிய இணைப்பு வைத்தோம். பற்றவைப்பு இரும்பின் முனை காலையும் செம்பையும் ஒருங்கே தொட வேண்டும். இரண்டு மூன்று நொடிகள் போதும். பற்றாசு இறுகும் வரை உறுப்பு அசையக் கூடாது. பிறகு திருகை முடுக்கி மீண்டும் அளந்தோம். காலிலும் பாதையிலும் ஒரே அளவு. மாணவரின் பெட்டி சரியாகிவிட்டது என்பதற்கு அது எத்தனை நாள் ஓடியது என்பது சான்றன்று. இந்த இரண்டு அளவுகளும் ஒன்றானதே சான்று.

பெயரை மட்டும் கடன் வாங்கிய ‘ரீஃப்ளோ’

சூடு காட்டும் முறைக்குக் கடைகளில் ‘ரீஃப்ளோ’ என்று பெயர். இது தொழிற்சாலையிலிருந்து வந்த சொல். எங்கள் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலர் ரீஃப்ளோ உலையை அருகில் கண்டவர்கள். அங்கே இளக்கி கலந்த புதிய பற்றாசுப் பசையை அச்சிட்டு, அதன்மேல் உறுப்புகளை வைத்து, போர்டை உலைக்குள் அனுப்புகிறார்கள். முதலில் மெதுவாகச் சூடேற்றல், பிறகு ஒரே சீரான வெப்பம், பிறகு சுமார் 240 டிகிரி உச்சம், பிறகு அளவான குளிரூட்டல் என்று ஒவ்வொரு நொடிக்கும் கணக்கு உண்டு. வெளிவந்த போர்டைக் கேமராவால் ஆராய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்க இணைப்புகளை எக்ஸ் கதிரால் பார்க்கிறார்கள்.

இதில் எதைக் கடை கடன் வாங்கியது? புதிய பசை இல்லை, இளக்கி பெரும்பாலும் இல்லை, வெப்பக் கணக்கு இல்லை, சோதனை இல்லை. பெயர் மட்டும் வந்திருக்கிறது. மேலும், ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் செம்பு-வெள்ளீயச் சேர்ம அடுக்கு தடிக்கிறது. அந்த அடுக்கு கண்ணாடிபோல் நொறுங்கும் இயல்புடையது. ஆக, எல்லா இணைப்புகளையும் சூடாக்குவது நல்ல நிலையில் இருந்தவற்றின் ஆயுளையும் குறைப்பதாகும். அருகிலுள்ள மின்தேக்கிகளில் பல 105 டிகிரி வரையே தாங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

100 கோடி டாலர் பாடம்

இந்த முறையின் பொய்த்தோற்றத்தை உலகுக்கு விளக்கிய நிகழ்ச்சி மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியில் நடந்தது. 2005இல் அமெரிக்காவிலும் 2006இல் இந்தியாவிலும் வெளிவந்த அக்கருவி, ஏராளமான வீடுகளில் மூன்று சிவப்பு விளக்குகளைக் காட்டிவிட்டு நின்றுபோனது. 2007 ஜூலையில் நிறுவனம் அப்பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது.

இதற்கிடையே மக்கள் ஒரு கைவைத்தியம் கண்டுபிடித்தார்கள். கருவியைத் துண்டால் சுற்றி, காற்று வழிகளை அடைத்து ஓடவிட்டால் உள்ளே சூடேறும். ஆறிய பிறகு கருவி வேலை செய்யும்! சில்லின் அடியிலுள்ள பற்றாசு உருகி மீண்டும் ஒட்டிக்கொண்டது என்று விளக்கம் சொன்னார்கள். ஆனால் அதில் இருந்தது காரீயம் இல்லாத பற்றாசு. அவ்வகை உருகுவதற்கு 217 டிகிரிக்கும் மேல் வேண்டும். துண்டுக்குள் அந்த வெப்பம் எட்டியிருந்தால் சில்லும் மின்தேக்கியும் முதலில் செத்திருக்கும். ஆகவே எதுவும் உருகவில்லை, விரிந்து தொட்டுக்கொண்டது. சில நாள்களில் கருவிகள் மீண்டும் நின்றன.

உண்மைக் காரணம் என்ன? 2021இல் அந்நிறுவனம் வெளியிட்ட வரலாற்று ஆவணப்படத்தில் விளக்கம் கிடைத்தது. முறிந்தவை சில்லுக்கும் போர்டுக்கும் இடையிலான பற்றாசுக் குமிழ்கள் அல்ல. சில்லுப் பொதியின் உள்ளேயிருந்த இணைப்புகள். இயக்கி நிறுத்தும்போது ஏற்பட்ட சூட்டு மாற்றமே காரணம். போர்டுப் பக்கம் எத்தனை முறை சூடு வைத்தாலும், சில்லின் அடியிலுள்ள குமிழ்களை முற்றிலும் மாற்றினாலும், பழைய சில்லே இருக்கும்வரை பழுது தீராது. வயிற்று வலிக்கு முதுகில் பற்றுப் போட்ட கதை இது.

நம் பழைய டி.வி. கேம் பெட்டிக்கும் இந்தப் பாடம் பொருந்தும். அவற்றுள் பிற்காலத்தில் வந்த பலவற்றில் மூளையாகிய சில்லு, கறுப்புப் பொட்டுப் போன்ற பிசினால் மூடப்பட்டிருக்கும். அதற்குள் உள்ளவை முடியினும் மெல்லிய கம்பிகள். அங்கே பழுது என்றால் பற்றாசால் ஆவது ஒன்றுமில்லை. அதை ஒப்புக்கொள்வதும் பழுதுபார்ப்பவரின் அறிவே.

நடுநிலையாகச் சொன்னால்

கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. இளக்கி இட்டுப் புதிய பற்றாசு சேர்த்து, ஐயத்துக்குரிய இணைப்புகளைப் புதுப்பிக்கும் நம் கைவினைஞர்கள் எத்தனையோ டி.வி.களை ஆண்டுக்கணக்கில் வாழவைத்தவர்கள். மங்கிய இணைப்பைக் கண்ணால் பார்த்தே அடையாளம் காணும் அவர்கள் திறமை எந்த ஆய்வகத்துக்கும் இளைத்ததன்று. ஆனால் வாடிக்கையாளராகிய நாம் என்ன செய்கிறோம்? இன்றே வேண்டும், நூறு ரூபாய்க்குள் வேண்டும் என்கிறோம். சூட்டுக்குக் காசு கொடுக்கிறோம். ஒரு மணி நேரச் சிந்தனைக்குக் கொடுப்பதில்லை. பின் சூடுதானே கிடைக்கும்?

மாணவர்கள் பற்றாசு வேலை பழக விரும்பினால், பழைய உபயோகமற்ற போர்டில் பெரியவர் ஒருவர் மேற்பார்வையில் தொடங்குங்கள். காற்றோட்டமான இடத்தில் அமருங்கள். எழும் புகை பெரும்பாலும் ரோசின் புகை, மூச்சுக்குழலுக்குக் கெடுதி. காரீயம் அவ்வெப்பத்தில் புகையாகச் செல்வது மிகக் குறைவு. அது கையில் ஒட்டி வாய்வழிச் செல்லும். ஆகவே வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே எதையும் உண்ண வேண்டும்.

அந்த மாணவர் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படும்போது, தாளில் மூன்று வரி எழுதிக் கொடுக்கச் சொன்னேன். எது பழுது? ஏன் பழுதாயிற்று? சரியாகிவிட்டது என்பதற்குச் சான்று என்ன? மூன்றுக்கும் அவர் விடை எழுதினார், 5.0, 4.4 என்ற அளவுகளையும் எழுதினார். அடுத்த முறை எந்தக் கருவியைப் பழுது பார்க்கக் கொடுத்தாலும் இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்தால் அது பழுதுபார்ப்பு. கிடைக்காவிட்டால், டி.வி.யின் பக்கவாட்டில் நாம் வைக்கும் அந்த அடிக்கும் அதற்கும் வேறுபாடு கூலி மட்டுமே.